பச்சைச் சட்டை, மாரியம்மன் கோயில் பக்கத்து வீடு

செப்டம்பர் 7 இரவு. வேளாங்கண்ணியில் பெரிய தேர் பவனி. அக்கா மகன், ஐந்து வயது, பச்சைச் சட்டை, கையை உருவிக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டான். முக்கால் மணி நேரம் அலைந்து போலீஸ் பந்தலுக்குப் போனால், பையன் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான். அங்கிருந்த பெண் காவலர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்பா பேரு என்னன்னு கேட்டா அப்பாங்கிறான். அம்மா பேரு கேட்டா அம்மாங்கிறான். வீடு எங்கடான்னா மாரியம்மன் கோயில் பக்கத்துலயாம்." காவிரி டெல்டாவில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊரை யாராவது காட்டினால் அவருக்குத் தனியாக ஒரு படையல் போடலாம்.

ஆனாலும் அவன் கிடைத்தான். காரணம், அந்தப் பந்தலில் இரண்டு பட்டியல்களும் ஒரே மேசையில் இருந்தன: "காணோம்" என்று வருபவர்களின் பட்டியல், "இங்கே இருக்கிறான்" என்ற பட்டியல். காணாமல் போன குழந்தை பற்றி அரசு வைத்திருக்கும் தகவல் ஏற்பாடு முழுவதும் இந்த மேசையை நாடளவுக்குப் பெரிதாக்கும் முயற்சிதான். திருவாரூரில் தாய் புகார் கொடுக்கிறாள்; பையன் மயிலாடுதுறையில் ரயிலேறி எங்கோ வடக்கே ஒரு காப்பகத்தில் சோறு தின்றுகொண்டிருக்கிறான். இரண்டு பதிவும் இருக்கின்றன. சந்திப்பதில்லை.

சந்திக்க வேண்டுமானால் முதலில் பதிவு வேண்டும். முன்பெல்லாம் ஸ்டேஷனுக்குப் போனால், "சொந்தக்காரங்க வீட்டுல பாத்தீங்களா?" என்று கேட்டு, புகார் வாங்கியதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவது உண்டு. 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. 18 வயதுக்குக் கீழ் யார் காணாமல் போனாலும் எஃப்.ஐ.ஆர். கட்டாயம்; கடத்தலாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். சட்டக்காரர்களுக்கு இது உரிமை. என் கண்ணுக்கு இது ஒரு நம்பர். பதிவு எண் இல்லாத குழந்தையைக் கணினியில் தேட முடியாது.

அந்தத் தேடலுக்காக மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் வைத்ததுதான் 'டிராக்சைல்டு' என்ற இணையதளம். ஒரு பக்கம் காவல் நிலையங்கள் காணாமல் போன குழந்தைகளை ஏற்றும். மறுபக்கம் காப்பகங்களும், மாவட்டந்தோறும் இருக்கும் குழந்தைகள் நலக் குழுக்களும் கிடைத்த குழந்தைகளை ஏற்றும். தனியாகக் கிடைக்கும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்; ஆகவே இரண்டாவது பட்டியல் தானாக நிரம்ப வேண்டும். பொதுமக்களே தகவல் போடுவதற்காக 2015 ஜூனில் 'கோயா-பாயா' என்ற தளம் வந்தது. இரண்டும் இப்போது அதே அமைச்சகத்தின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான 'மிஷன் வாத்சல்யா' தளத்துக்குள் இருக்கின்றன. போனில் சொல்ல 1098.

இனி இரண்டு பட்டியலையும் ஒட்டிப் பார்க்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

பையன் பெயர் செழியன் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்கள்? முதல் எழுத்து 'சி-ஹெச்' அல்லது 'எஸ்'. ழகரத்துக்கு 'இசட்-ஹெச்' அல்லது வெறும் 'எல்'. கடைசி 'யன்' மூன்று விதமாக வரும். பெருக்கினால் 12 எழுத்துக்கூட்டல்கள், ஒரே பையனுக்கு. ஒலி ஒத்த பெயர்களைப் பிடிக்க அமெரிக்காவில் 1918-லேயே காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' என்ற முறை உண்டு: முதல் எழுத்தை அப்படியே வைத்து, பின்னால் வரும் மெய்யொலிகளை எண்களாக்கும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். செழியன் ஓரிடத்தில் சி250, இன்னோரிடத்தில் எஸ்250, 'எல்' போட்டு எழுதியவரிடம் எஸ்450. ஒலியைப் பிடிக்க வந்த முறையே அவனை மூன்று பேராக்கிவிட்டது. போதாக்குறைக்கு நம் இனிஷியல். அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் நமக்கு. குடும்பப் பெயர்க் கட்டம் வைத்த படிவத்தில் அது எங்கே போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

பெயர் கைவிட்டால் அடையாளம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'காணவில்லை' ஒட்டியிருந்தால் நின்று படித்துப் பாருங்கள். "மாநிறம்." அநேகமாக எல்லாவற்றிலும் மாநிறம்தான். தகவலை அளக்கக் கணக்குப் போட்ட கிளாட் ஷானன் 1948-ல் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: எது அரிதோ, அதில்தான் தகவல் அதிகம். ஒரு லட்சம் பேரிலிருந்து ஒருவரைப் பிரிக்க, கூட்டத்தைச் சரிபாதியாக்கும் கேள்வி 17 போதும். ஆணா பெண்ணா என்பது அதில் ஒன்று. மாநிறம் என்பது கூட்டத்தை எங்கே பாதியாக்குகிறது? இடது தோளில் தடுப்பூசித் தழும்பு என்று எழுதுவதும் அப்படித்தான், பி.சி.ஜி. போட்ட அநேகம் பேருக்கு அது இருக்கும். "இடது புருவத்தில் முடி முளைக்காத கோடு, பம்பு செட்டுத் தொட்டியில் விழுந்தது" என்று எழுதினால், அந்த ஒரு வரி பத்துக் கேள்விக்குச் சமம். பச்சைச் சட்டையும் நல்ல தகவல்தான், ஆனால் அதற்கு ஆயுள் ஒரு நாள். திருவிழா மைக்குக்குச் சட்டை போதும், நாலு வருடம் கழித்துத் தேடுபவருக்குத் தழும்பு வேண்டும்.

முகத்தைக் கணினி பார்த்துக்கொள்ளாதா? 2018 ஏப்ரலில் டெல்லி போலீஸ் சோதனையாக, காப்பகங்களில் இருந்த சுமார் 45,000 குழந்தைகளின் படங்களை ஒப்பிட்டு, நான்கே நாளில் 2,930 பேரை அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் துல்லியம் 2 சதவீதம்தான் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2019-ல் அமைச்சகம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்பதிலேயே தடுமாறுகிறது என்றது. இது வெறும் மென்பொருள் கோளாறு இல்லை. குழந்தையின் மண்டையும் நெற்றியும் முதல் சில வருடங்களிலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடும். மூக்கும் தாடையும் பிறகுதான் நீளும். நாலு வயதில் முகத்தின் நடுவில் இருந்த கண், பத்து வயதில் மேலே ஏறிவிட்டதுபோல் தெரியும். கணினி அளந்து வைத்திருந்த விகிதங்களே மாறிப்போகின்றன. கூட்டல் கழித்தலும் எதிரிதான்: ஆயிரத்துக்கு ஒரு முறை மட்டுமே தப்பாகப் பொருத்தும் இயந்திரம் என்று வைத்தாலும், 45,000 படத்தில் ஒரு குழந்தையைத் தேடினால் 45 தவறான முகங்கள் வந்து நிற்கும்.

யாரும் எதிர்பாராத இடத்தில் வேலை செய்தது ஆதார். காப்பகக் குழந்தைக்குப் புதிதாக ஆதார் பதியப் போனால், கைரேகை முன்பே இருந்தால், 'ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது' என்று நிராகரிப்பு வரும். அதைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டைக் கண்டுபிடித்த சம்பவங்கள் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை. அதனால் எங்கள் பையனைவிடச் சின்ன வயதில் தொலைபவனுக்கு இந்த வழி அடைத்தே இருக்கிறது.

கடைசியாக, நாம் எல்லாரும் செய்வது: வாட்ஸ்அப்பில் பரப்புவது. பரப்பினால் பட்டியல் சந்திக்குமா? சில சமயம். சில சமயம் விபரீதமும் ஆகும். 2018-ல் இந்தியாவில் பரவிய 'பிள்ளை பிடிப்பவர்கள்' வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிய குழந்தையைத் திரும்ப இறக்கிவிடும் காட்சியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த வதந்திக் காலத்தில், 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள்.

கிடைத்த பிறகும் படம் நிற்பதில்லை. நலக் குழுவின் பராமரிப்புக்கு வந்த குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. நேற்றுவரை ஊரெல்லாம் காட்டவேண்டியிருந்த முகத்தை இன்று மறைத்தாக வேண்டும். தளத்திலிருந்து பதிவை எடுத்துவிடலாம். மைக் வைத்த அந்தக் காவலர்கூட, நாங்கள் பையனைத் தூக்கியதும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசினார்: "பச்சைச் சட்டைப் பையனை வீட்டுக்காரங்க வந்து அழைச்சுக்கிட்டாங்க, தேட வேண்டாம்." எங்கள் குடும்பக் குழுவில் அன்று பதறிப்போய் நான் போட்ட படத்துக்கு அப்படி ஒரு அறிவிப்பு இல்லை. பொங்கலுக்கு முன் மன்னார்குடியிலிருந்து ஒருவர் அனுப்பினார்: "அவசரம், இந்தக் குழந்தையைக் காணவில்லை, பகிரவும்."

அவன் அப்போது பக்கத்து அறையில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான்.