கறுப்பா இருக்கிற பையனுக்கு க்ரீம் கலர் எடுக்காதுன்னு யாருங்க சொன்னது?

கும்பகோணத்துல இருபத்திரண்டு வருஷமா ஜென்ட்ஸ் தையல் கடை வச்சிருக்கேன். இந்த மாசத்துல மட்டும் இது நாலாவது தடவை, இனிமே பொறுக்க முடியல, அதான் எழுதிடுறேன்.

போன வாரம் பாபநாசம் பக்கத்துலேந்து ஒரு அம்மாவும் பையனும் வந்தாங்க. காலேஜ் முடிச்சுட்டு முதல் இன்டர்வியூவாம். பையன் தானே ஆசைப்பட்டு க்ரீம் கலர்ல ஒரு காட்டன் பிட் எடுத்துட்டு வந்திருக்கான், நல்ல துணி, தொட்டாலே தெரியுது. நான் டேப்பை தோள்ல வைக்கிறேன், அந்தம்மா உடனே "அண்ணே, இவன் கறுப்புல்ல, இது இவனுக்கு எடுக்குமா? மெரூன்ல ஏதாச்சும் தைச்சிடலாமா"ங்குறாங்க. பையன் தோள் என் கைக்கு கீழயே ஒடுங்கிப் போச்சு. நிமிந்து நின்னப்ப பதினெட்டு இன்ச் வந்த தோள் அப்ப பதினேழரைதான் காட்டுச்சு.

நான் டேப்பை கழுத்துல போட்டுக்கிட்டு பையனை கடை வாசலுக்கு கூட்டிட்டு வந்து வெளிச்சத்துல நிக்க வச்சேன். ஒரு தோள்ல அவனோட க்ரீம் துணி, இன்னொரு தோள்ல கடையில கெடந்த சாக்லேட் பிரவுன் துண்டுத் துணி. "பாருங்கக்கா"ன்னேன். க்ரீம் பக்கம் முகம் பளிச்சுனு எழும்பி நிக்குது, பிரவுன் பக்கம் கழுத்து எங்க முடியுது காலர் எங்க ஆரம்பிக்குதுன்னே பிரியல. அந்தம்மா ரொம்ப நேரம் பேசாம பாத்துட்டே நின்னாங்க.

இதை நல்லா புரிஞ்சுக்கங்க. ஒரு கலர் எடுக்குறதும் எடுக்காததும் தோல் கறுப்பா சிவப்பாங்கிறதுல இல்ல, தோலுக்கும் துணிக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம் இருக்குங்கிறதுலதான் இருக்கு. கறுப்புத் தோலுக்கு வெள்ளை, க்ரீம், சந்தனம், வெளிர் சாம்பல் எல்லாம் பிரமாதமா எடுக்கும், தோலோட நிறத்துக்கு கிட்டக்க வர்ற நடுத்தர பிரவுனும் மங்கின காக்கியும்தான் அமுக்கிடும். நல்ல சிவப்பா இருக்கிற பையனுக்கு பிஸ்கட் கலர் போட்டுப் பாருங்க, சோகை புடிச்ச மாதிரி இருப்பான், ஆனா அவன்கிட்ட யாரும் இது உனக்கு எடுக்குமான்னு கேக்குறதே இல்ல. நம்ம டெல்டாவுல நாளெல்லாம் வயல்ல நின்னு கறுத்த நம்ம தாத்தாங்க சாயங்காலம் குளிச்சுட்டு வெள்ளை வேட்டி சட்டையில திண்ணைக்கு வந்து உக்காந்தா எப்படி இருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க. அப்ப யாராச்சும் எடுக்கலன்னு சொன்னோமா?

இன்னொண்ணு, வெள்ளை, க்ரீம், சாம்பல் மாதிரி நியூட்ரல் கலர்னா எதோட வேணா சேரும்னு ரீல்ஸ் பாத்துட்டு வர்ற தம்பிங்களுக்கு. சேராது. வெள்ளையிலயே நீலம் ஓடுற வெள்ளை இருக்கு, மஞ்சள் ஓடுற வெள்ளை இருக்கு. திருபுவனத்துல எடுத்த க்ரீம் பட்டு வேட்டிக்கு மேல பளீர் வெள்ளைச் சட்டை போட்டா வேட்டி பழசு மாதிரி தெரியும், மாப்பிள்ளைங்க பாதிப் பேர் இப்படித்தான் போட்டோவுல நிக்கிறாங்க. வேட்டியை கையில கொண்டு போய் பக்கத்துல வச்சு சட்டைத் துணி எடுங்க. கடைக்குள்ள டியூப்லைட்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, வாசலுக்கு எடுத்துட்டு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க, கடைக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார்.

பஸ்ல இன்டர்வியூ போறவங்க ஆஷ் கலர் சட்டை போடாதீங்க, நம்ம ஊர் வேர்வைக்கு அக்குள்ல ஈரத்திட்டு அப்படியே தெரியும், வெள்ளையும் நேவி ப்ளூவும் அந்தளவு காட்டாது. வெளிர் கலர் துணி வாங்குறப்ப உள்ள கையை விட்டுப் பாருங்க, விரல் தெரிஞ்சா வேண்டாம். வெள்ளைச் சட்டைக்குள்ள வெள்ளை பனியன் போட்டா அதோட ஓரம் பூரா தெரியும், உங்க தோல் நிறத்துக்கு கிட்ட வர்றது போடுங்க. க்ரீம் சட்டையை சொட்டு நீலத்துல முக்காதீங்க, தயவுசெஞ்சு. வெள்ளையை வெள்ளையா காட்டத்தான் நீலம், க்ரீமை அது அழுக்காக்கிடும். ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம். திருப்பிப் போட்டு நிழல்ல காய வைங்க.

அம்மாக்களுக்கு கெஞ்சிக் கேக்குறேன். பையனை பக்கத்துல வச்சுக்கிட்டு "இவன் கறுப்பு"ன்னு அளவு எடுக்குறவன்கிட்ட சொல்லாதீங்க. எட்டு வயசுப் பையன்லேந்து கல்யாண மாப்பிள்ளை வரைக்கும் அந்த வார்த்தைக்கு தோள் சுருங்குறதை நான் டேப்பால பாத்திருக்கேன்.

அந்த க்ரீம் சட்டையைத்தான் தைச்சேன், தோள் பதினெட்டு வச்சே வெட்டினேன். நேத்து வந்து போட்டுப் பாத்தான், சரியா உக்காந்துச்சு. அப்புறம் காட்டனை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு காய வச்சுதான் நான் வெட்டுவேன், ஐப்பசி மழை புடிச்சுட்டா அது காயவே ரெண்டு நாளாவுது, அதனால தீபாவளித் துணியை புரட்டாசியிலயே கொண்டு வந்து குடுத்துடுங்க.