வாயில் புழுவோடு காத்திருக்கும் குருவி

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள்: "சார், காட்டுயிர் போட்டோகிராபர் ஆகணும், எந்த லென்ஸ் வாங்கலாம்?" நல்ல 600 எம்.எம். லென்ஸ் விலைக்கு ஒரு கார் வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு, என் வரவு செலவையும் சொல்வேன். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வீட்டு வாடகையைக் கட்டியது பெரும்பாலும் முகூர்த்த மாதங்கள்தான். கல்யாணப் படம் எடுத்த காசில் காட்டுக்குப் போவேன். காட்டுப் படங்களைப் பார்த்து நாலு பேர் பயிற்சி முகாமுக்கு வருவார்கள். பத்திரிகையில் படம் வந்தால் கிடைப்பது பெட்ரோலுக்குச் சரியாகப் போகும்.

இதைக் கேட்டும் ஆசை குறையாதவர்களிடம் தேன்சிட்டுக் கதையைச் சொல்வேன்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். வீட்டுக்குப் பின்னால் செம்பருத்திச் செடியில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. கைக்குள் அடங்குகிற சின்னப் பை. சிலந்தி நூலால் பின்னி, வெளியே மரப்பட்டைத் துணுக்கும் காய்ந்த புழுக்கழிவும் ஒட்டியிருக்கும். தூரத்தில் பார்த்தால் கிளையில் மாட்டிய குப்பை என்றுதான் நினைப்போம். அந்தக் குப்பை வேஷம்தான் அதற்குக் காவல். எனக்கு அப்போது அது தெரியாது. கூட்டின் வாசலை மறைத்த இரண்டு இலைகள் மட்டும்தான் கண்ணை உறுத்தின. கத்தரிக்கோலால் நறுக்கினேன். வெளிச்சம் பிரமாதமாக விழுந்தது. பெட்டை பூச்சியை நீட்ட, குஞ்சு வாயைப் பிளக்கிற படம் கிடைத்தது.

மறுநாள் காலை செடிக்குள்ளிருந்து ஒரு செம்போத்து கனமாக எழுந்து போனது. கூடு கிழிந்து தொங்கியது. பெட்டை வாயில் பூச்சியோடு மத்தியானம் வரை அந்தச் செடியையே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் படத்துக்குப் பரிசு வேறு கிடைத்தது. சான்றிதழ் இப்போது எங்கே இருக்கிறதோ, தேடவும் இல்லை.

நான் செய்ததற்குச் சட்டத்தில் பெயர் வேட்டை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தருகிற விளக்கத்தில், கொல்வதோடும் கண்ணி வைப்பதோடும் சேர்த்து, பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. இரை போட்டு வரவழைப்பதும் வருகிறது. முகாமுக்கு வருபவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் செல்போனைத் திறந்து பழைய படங்களைத் தள்ளிப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

தேன்சிட்டாவது பெரும்பாலும் மறுபடி கூடு கட்டிப் பார்க்கும். பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவைக்கு அந்த வசதி கிடையாது. வால்பாறைப் பக்கம் வருடத் தொடக்கத்தில், பெரிய மரப் பொந்துக்குள் பெட்டை நுழைந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற இடுக்கு மட்டும்தான் மிச்சம். உள்ளே இருக்கும்போதே சிறகு இறகுகளை உதிர்த்துவிடும். மாதக்கணக்கில் ஆண் கொண்டுவந்து ஊட்டுகிற அத்திப்பழம் போன்றவைதான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. இப்போது அந்த மரத்தடியில் பத்து டிரைபாட் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் வரும், பக்கத்து மரத்தில் உட்காரும், பார்க்கும், திரும்பிப் போய்விடும். நாம் "இன்னைக்கு லக் இல்ல" என்று டீ குடிக்கப் போவோம். பொந்துக்குள் அந்த வேளைச் சாப்பாடு போயிற்று.

கூட்டுப்பக்கம் தப்பித் தவறிப் போய்விட்டால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வாயில் புழுவோடு ஒரு குருவி கூட்டுக்குப் போகாமல் கிளைவிட்டுக் கிளை தாவுகிறதா? அபாயக் குரல் கொடுக்கிறதா? அப்படியென்றால் அது நம்மால்தான். கேமராவை மடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். "ஒரே ஒரு ஷாட்" என்று ஒரு குரல் உள்ளே கேட்கும். எனக்கு இன்னும் கேட்கிறது.

தேவாங்கு விஷயம் தனி. இருட்டுக்கென்றே அமைந்த அந்தப் பெரிய கண்களில் பக்கத்தில் நின்று ஃபிளாஷ் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்குப்பின் அந்தப் பக்கம் போகணும் என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். எங்கே எடுத்தேன் என்று யாராவது கேட்டால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்வேன். மரத்தின் இடக்குறியீட்டைப் பகிர்ந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே வண்டிகள் நிற்கும். கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திய நண்பர்களும் உண்டு.

பொறுமைக்கு நான் எப்போதும் சொல்வது காட்டுயிர் எழுத்தாளரும் போட்டோகிராபருமான மா. கிருஷ்ணனை. 1996இல் மறைந்தார். பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட கேமராவில் கருப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். நொடிக்கு இருபது படம் தட்டுகிற நம் கேமராக்களை வைத்துக்கொண்டு நமக்கு ஏன் இத்தனை அவசரமோ.

போன மார்ச்சில் ஒரு மாணவனை வால்பாறைக்குக் கூட்டிப்போனேன். இருவாச்சி மரத்துக்கு எதிர்ச்சரிவில், தேயிலைத் தோட்டச் சாலையோரம் காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டோம். ஆறு மணிக்கு வந்தோம், ஒன்பதரை வரை ஒன்றுமில்லை. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாமா அண்ணா?" என்று இரண்டு முறை கேட்டான். அப்புறம் ரயில் வருகிற மாதிரி இறக்கைச் சத்தம். ஆண் நேராகப் பொந்துக்கு வந்து தொண்டையிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. பைனாகுலரில் எண்ணினான், பதினேழு. படம் சுமார்தான். பொந்தில் பாதியை ஒரு கிளை மறைத்துக்கொண்டு நிற்கிறது.