கிளாரெண்டன்: தடித்த எழுத்தின் இன்னொரு பெயர்

கிளாரெண்டன் என்பது ரோமன் எழுத்தில் ஓர் அச்சு வகை. கோடுகள் தடிப்பு, உடம்பு சற்று ஒடுக்கம், முனைகளில் கனமான செரிஃப், அதாவது கோட்டின் நுனியில் நீட்டி நிற்கும் சிறு குறுக்குக்கோடு. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சகங்களில் இந்தப் பெயரின் பொருள் விரிந்து, தடித்த எழுத்து எதுவானாலும் கிளாரெண்டன்தான் என்றாகிவிட்டது. நாம் எந்த நகலையும் ஜெராக்ஸ் என்பதைப் போல.

1845இல் லண்டன் ஃபான் தெரு எழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி இதை வெளியிட்டார். அச்சுகளை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். பெயர் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் அச்சகத்திலிருந்து வந்தது என்பார்கள். அந்த அச்சகம் இருந்த கட்டடத்துக்குப் பணம் தந்தது, முதலாம் கிளாரெண்டன் பிரபு எட்வர்டு ஹைடு எழுதிய வரலாற்று நூலின் விற்பனை. பிரபுவின் பட்டமோ வில்ட்ஷயர் பகுதியில் உள்ள ஓர் இடத்தின் பெயர். ஆக ஊர்ப்பெயர் பட்டமாகி, கட்டடமாகி, அச்சகமாகி, கடைசியில் எழுத்தாகியிருக்கிறது. பெஸ்லி வடிவமைப்புச் சட்டத்தின்படி இதைப் பதிவு செய்திருந்தார். பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு நகல் வார்த்தார்கள். பெயர் பொதுச்சொல்லானதில் அதற்கும் பங்கு உண்டு.

அதற்கு முன்பும் கனத்த எழுத்துகள் இருந்தன. ஆனால் அவை சுவரொட்டிக்கு. பத்திக்குள் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட சாய்வெழுத்தையோ சிறிய அளவில் வார்த்த ஆங்கிலப் பெரிய எழுத்துகளையோதான் (ஸ்மால் கேப்ஸ்) பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். கிளாரெண்டனின் வேலையே வேறு: சாதாரண எழுத்தின் பக்கத்தில், அதே வரியில், அதே அளவில் நின்று கண்ணை இழுப்பது. அதனால்தான் உடம்பை ஒடுக்கினார்கள்; இல்லையென்றால் தடித்த சொல் வரியில் இடத்தை விழுங்கிவிடும். அகராதிக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பில் தலைச்சொற்கள் இந்த எழுத்தில்தான் நிற்கின்றன.

உற்றுப் பார்த்தால் அடையாளம் எளிது. செரிஃப் கட்டை மாதிரி இருந்தாலும், தண்டுடன் வெடுக்கென்று மோதாமல் சிறு வளைவாகச் சேரும். சிறிய ‘ஆர்’, ‘சி’ எழுத்துகளின் நுனியில் ஓர் உருண்டை இருக்கும். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேறுபாடு குறைவு. அதனால் மட்டமான காகிதத்திலும் மெல்லிய கோடுகள் எளிதில் விட்டுப்போகாது. 1953இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் இதற்கு மறுபிறவி கொடுத்தார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளிலும் கிளாரெண்டன் வெகுகாலம் இருந்தது. ஆனால் இந்தப் பிந்திய வடிவங்கள் அகலமானவை. பெஸ்லியின் ஒடுக்கம் அவற்றில் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கொட்டை எழுத்து’ என்று சட்டென வாயில் வரும். அது பொருந்தாது, கொட்டை எழுத்தில் பெரிது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளாரெண்டன் பெரிதாகாமலே தடித்தது. பொதுப்பொருளில் வரும்போது ‘தடித்த எழுத்து’ போதும். குறிப்பிட்ட வகையைச் சொல்லும்போது கிளாரெண்டன் என்றே எழுதலாம், ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. இதைப் போலக் கட்டை செரிஃப் கொண்ட எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘கட்டைமுனை எழுத்து’ என்பது என் பரிந்துரை. செரிஃபுக்கு ‘முனைக்கோடு’ என்றும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கணினியில் எழுத்துரு தேடுகிறவருக்கு செரிஃப் என்றால்தான் புரியும்.

தமிழ் எழுத்தைத் தடிப்பாக்கி ஒடுக்குவது இன்னும் சிரமம். ‘ணை’யைப் போட்டுப் பாருங்கள்: சிறிய அளவில் சுழிகளின் உள்வெளி மையால் அடைபட்டுவிடும். அங்கே தடிப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அகலத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.