மூன்று பந்தும் ஒரு தலையணையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களைக் கவனிக்கும் வார்டு ஒன்றில் நான் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை செய்கிறேன். சென்ற நவம்பரில் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு பைபாஸ் நடந்தது. இரண்டாம் நாள் காலை நான் போனபோது, மூன்று பந்துகள் வைத்த பிளாஸ்டிக் கருவியின் குழாயை வாயில் கவ்வி, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். ஒரு பந்துகூட அசையவில்லை.

"இது ஓட்டை, கண்ணு. வேறு ஒன்று கொண்டுவா" என்றார்.

"ஊத வேண்டாம் தாத்தா. ஸ்ட்ரா வைத்து ஜூஸ் குடிப்பதுபோல் உள்ளே இழுங்கள்."

இழுத்தார். முதல் பந்து பாதி உயரம் ஏறி விழுந்தது. வலியில் அவர் முகம் சுருங்கியது.

வாரம் தவறாமல் இந்தக் காட்சியை நான் பார்க்கிறேன். குழாயை வாயில் வைத்தால் ஊதத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்தப் பயிற்சியின் பலன் முழுவதும் உள்ளே போகும் மூச்சில்தான் இருக்கிறது. ஏன் என்று புரிந்தவர்கள் மணிக்கு மணி தாங்களாகவே செய்கிறார்கள். புரியாதவர்கள் சிஸ்டர் வரும்போது மட்டும் செய்கிறார்கள். அதனால்தான் கட்டில் பக்கத்தில் நின்று சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

"கெட்டுப்போனது இதயம்தானே, நுரையீரலை ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள்?" என்று அவருடைய மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. இதயத்தைத் தொட வேண்டுமானால் பெரும்பாலும் நடு மார்பெலும்பை மேலிருந்து கீழாக அறுத்துத் திறக்க வேண்டும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓர் இயந்திரம் ரத்தத்தைச் சுற்றிவிடும் அந்த ஒன்றிரண்டு மணி நேரமும் நுரையீரலுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. காற்று போன பைபோல் அமுங்கிக் கிடக்கும். மயக்க மருந்தில் தசைகள் தளர்வதால் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் மேலேறி நுரையீரலின் அடிப்பகுதியை நெருக்கும். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி இதய உறையை ஒட்டியே போகிறது. அறுவையின்போது இதயத்தைக் குளிர்விக்க நொறுக்கிய பனிக்கட்டியைப் பயன்படுத்தினால், இடப்பக்க நரம்பு சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ மரத்துப்போகக்கூடும். மல்லாந்து படுத்திருக்கும்போது இதயத்தின் எடையும் இடது கீழ்ப்பகுதியின் மேல்தான் அழுந்தும். பைபாஸ் முடிந்தவரின் எக்ஸ்ரேயில் இடது கீழ் மூலை வெளுத்துத் தெரிவது எங்களுக்கு அன்றாடக் காட்சி.

ஆக்ஸிஜனாலும் ஒரு தொல்லை உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ரத்தம் அதை அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அது நுரையீரலின் நுண்ணிய காற்றறைக்குள் முட்டுக்கொடுத்த கம்புபோல் நின்று அறையை விரித்து வைக்கிறது. மயக்கத்தின்போது ஆக்ஸிஜன் மிகுந்த காற்றைக் கொடுத்தால் முட்டுக் குறைந்துவிடும். வாசல் அடைபட்ட அறையில் இருக்கும் ஆக்ஸிஜனை ரத்தம் முழுக்க உறிஞ்சிக்கொள்ளும், அறை சுருங்கிவிடும்.

கண் விழித்த பிறகு வலி சேர்ந்துகொள்கிறது. நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவர் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை தன்னை அறியாமலே பெருமூச்சு விடுகிறார். வழக்கமான மூச்சு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் என்றால், பெருமூச்சு அதைப்போல் இரண்டு மடங்கு. கவலை இருந்தால்தான் பெருமூச்சு வரும் என்று என் ஆயா நம்பினார். உண்மையில் அது நுரையீரலின் பராமரிப்பு வேலை: மூடத் தொடங்கும் காற்றறைகளை அவ்வப்போது விரித்துவிடும். மார்பெலும்பைக் கம்பியால் கட்டி வைத்திருக்கும் ஒருவர், வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார். பெருமூச்சு நின்றுபோகிறது.

மூடிய அறை ஏன் எளிதில் திறப்பதில்லை? மளிகைக் கடையில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈரம் பட்டு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. ஒரு முறை பிரித்துவிட்டால் பிறகு கை தாராளமாகப் போய்வரும். நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உட்சுவரிலும் மெல்லிய நீர்ப்படலம். அறை சிறுக்கச் சிறுக்க அந்தப் படலத்தின் பரப்பு இழுவிசை அதை இன்னும் வலுவாக மூடப் பார்க்கும். சோப்பைப்போல் அந்த இழுவிசையைத் தணிக்கும் ஒரு பொருளை உடல் சுரக்கிறது. ஆனாலும், மூடிய அறையைத் திறக்கத் தேவைப்படும் அழுத்தம், திறந்த அறையைத் திறந்தபடி வைத்திருக்கத் தேவைப்படுவதைவிட மிக அதிகம். சின்னச் சின்ன மூச்சு நூறு விட்டாலும் அந்த வரம்பை எட்டாது. ஆழமான ஒரே மூச்சு எட்டிவிடும்.

மூடிய பகுதி வழியாகவும் ரத்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே ஆக்ஸிஜன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பி, புதிதாகப் பழுதுபார்த்த இதயத்துக்கே வந்து சேரும். தேங்கிய சளியில் கிருமி வளர்ந்தால் நிமோனியா.

இந்த நாட்டில் இதைச் சொல்லும்போது கேப்டவுன் நினைவுக்கு வராமல் போகாது. 1967 டிசம்பர் 3 அன்று குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். இதயத்தைப் பெற்றுக்கொண்டவர் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்ற மளிகைக் கடைக்காரர். பதினெட்டாம் நாள் அவர் இறந்தார். புதிய இதயம் நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. உயிரைப் பறித்தது இரு நுரையீரலையும் தாக்கிய நிமோனியா. உடல் புதிய இதயத்தை நிராகரிக்காமலிருக்கக் கொடுத்த மருந்துகள் அவருடைய எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருந்தன. ஆகவே மூச்சுப் பயிற்சி அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இதயம் வென்ற பிறகும் நுரையீரலில் தோற்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனிப் பயிற்சி. முதலில் நிமிர்ந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தாலே வயிற்று உறுப்புகள் கீழே இறங்கி உதரவிதானத்துக்கு இடம் விடும். இதை யாரும் பயிற்சியாகக் கருதுவதில்லை. எனக்கோ, நாற்காலியில் கழியும் ஒரு மணி நேரம் எந்தக் கருவியையும்விட மேல். அடுத்து, வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு, விலா எலும்பின் கீழ் விளிம்பில் கையை வைத்து, கை வெளியே தள்ளப்படும்படி மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். முழுவதும் இழுத்ததும் மூன்று எண்ணும்வரை நிறுத்த வேண்டும்.

இந்த நிறுத்தத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். எல்லாக் காற்றறைகளும் ஒரே வேகத்தில் நிறைவதில்லை. சளி அடைத்த பாதையுள்ளவை பின்தங்கும். அடுத்தடுத்த காற்றறைகளுக்கு இடையே நுண்ணிய துளைகள் இருக்கின்றன. நுரையீரல் நன்கு விரிந்து நிற்கும் அந்த மூன்று நொடியில் காற்று அந்தத் துளைகள் வழியாக அண்டை அறையிலிருந்து அடைபட்ட அறைக்குள் கசியும். சளிக்குப் பின்னால் காற்று சேர்ந்தால்தான் இருமும்போது சளியை வெளியே தள்ள முடியும். அறைகள் சுவரைப் பகிர்ந்துகொள்வதால், விரியும் அறை பக்கத்து அறையையும் தன்னோடு இழுத்துத் திறக்கும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை பத்து மூச்சு என்று தொடங்குகிறோம். இடைவிடாமல் பத்தையும் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும்; இடையிடையே சாதாரணமாக மூச்சு விட வேண்டும். பிறகு இருமல். தலையணையை மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமினால், அறுத்த எலும்பின் இரு பாதிகளும் விலகப் பார்க்கும் விசையைத் தலையணை தாங்கிக்கொள்ளும். வலி கூடுதலானால், கண்ணாடியில் ஆவி படிய வைப்பதுபோல் வாயைத் திறந்து "ஹா" என்று விரைவாக மூச்சை விட்டாலும் சளி மேலேறும்.

மூன்று பந்துக் கருவிக்கு மந்திர சக்தி இல்லை. பைபாஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில், மற்ற மூச்சுப் பயிற்சிகளைவிட அது கூடுதல் பலன் தருவதாக உறுதியாகவில்லை. பலன் மூச்சில் இருக்கிறது. 2005-ல் வெளிவந்த சுவீடன் ஆய்வொன்றில் பைபாஸ் முடிந்த 90 பேரில் ஒரு பிரிவினர் நான்கு நாட்கள் பகலில் மணிக்கு முப்பது ஆழ்ந்த மூச்சு இழுத்தார்கள். நான்காம் நாள் ஸ்கேனில் அவர்களுடைய நுரையீரலில் மூடிக் கிடந்த பரப்பு மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதிதான். அறுவைக்கு நாள் குறித்தவர்கள் கவனிக்க வேண்டியது 2006-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு. நுரையீரல் சிக்கலுக்கு அதிக வாய்ப்புள்ள 279 பேரில் பாதிப்பேர், அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு வாரம், தினமும் இருபது நிமிடம் மூச்சிழுக்கும் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிக்கல் வந்தவர்கள் பயிற்சி செய்தோரில் 18 சதவீதம், செய்யாதோரில் 35 சதவீதம். காத்திருக்கும் நாட்களை வீணாக்காதீர்கள்.

பிராணாயாமம் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மெதுவான, சீரான மூச்சு நல்லது. வயிற்றை வெட்டி வெட்டி மூச்சைத் தள்ளும் கபாலபாதி, நெஞ்சை இறுக்கி நெடுநேரம் மூச்சை அடக்குவது, கோயிலில் சங்கு ஊதுவது ஆகியவை எலும்பு கூடும்வரை வேண்டாம். அவை மார்புக்குள் அழுத்தத்தை ஏற்றி, ரத்த அழுத்தத்தையும் குலைக்கும். காய்ச்சல், நிறம் மாறிய சளி, படுத்தால் மூச்சுத் திணறல், மார்பெலும்பு "டக்" என்று அசைவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சாட்ஸ்வொர்த் பெரியவரின் கவலை வேறு. "தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா?" ஐம்பது வருடம் எடுத்தவர். எலும்பு கூட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், இந்த முறை தோளில் பாரம் கூடாது என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பேரன் எடுப்பான். நான் பின்னால் நடக்கிறேன்" என்றார்.

ஆறாம் வாரம் சோதனைக்கு வந்தபோது கருவியைக் கழுவித் துடைத்துத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். சட்டென்று உறிஞ்சி மூன்று பந்தையும் மேலே ஏற்றிக் காட்டினார். ஏறிய வேகத்தில் மூன்றும் விழுந்தன. அந்தக் கருவி காட்டுவது காற்றின் வேகத்தை: நொடிக்கு 600 மில்லிலிட்டரில் முதல் பந்து, 900-ல் இரண்டாவது, 1,200-ல் மூன்றாவது ஏறும். எவ்வளவு காற்று போனது என்பது, பந்து எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதில்தான் தெரியும். "மூன்றாவதை விடுங்கள் தாத்தா. முதல் பந்து மட்டும் ஏறட்டும், ஏறியது நிற்கட்டும்" என்றேன். மெதுவாக இழுத்தார். பந்து ஏறி நின்றது. பக்கத்தில் அவர் மனைவி விரல் விட்டு எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று.