கேமராவுக்கு ஸ்வெட்டர் போடாதீர்கள்

போன வாரம் கூரியரில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பதினொரு கேமரா ட்ராப், விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் பெட்டிகள். மேலே ஒட்டியிருந்த துண்டுச்சீட்டில், "அக்கா, எல்லாம் குளிருக்குச் செத்துப்போச்சு. ஒண்ணு ரெண்டாவது தேறுமான்னு பாருங்க" என்று எழுதியிருந்தது. பனிச்சிறுத்தை ஆய்வுக்காக ஹிமாச்சல் மலையில் உள்ள ஸ்பிதிக்குப் போன தம்பி ஒருவன் அனுப்பியது. இந்தக் குளிர்காலம் முடிந்து எனக்கு வந்த மூன்றாவது பெட்டி இது.

பதினொன்றிலும் செல்லைக்கூடக் கழற்றாமல் அனுப்பியிருந்தான். (அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினான். அல்கலைன் செல் வழியில் கசிந்தால் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.) அதே செல்லோடு ஒவ்வொன்றாகச் சுவிட்சைப் போட்டேன். ஒன்பது கேமரா எழுந்துகொண்டது. கோயம்புத்தூர் வெயிலில், என் மேசைமேல், "செத்துப்போன" ஒன்பது கேமரா என்னைப் படமெடுத்தது.

எத்தனை வருடமாகச் சொல்கிறேன் என்று எனக்கே மறந்துவிட்டது. குளிரில் பெரும்பாலும் கேமரா சாவதில்லை. நீங்கள் போட்ட செல்தான் மடங்கிப்போகிறது. அதுவும் சாவதில்லை.

"குளிர் சார்ஜைக் குடிச்சிடுது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆய்வு மாணவர்கள், வனக்காவலர்கள், கேமரா விற்கிற கடைக்காரர்கள், எல்லோரும். குடிப்பதெல்லாம் இல்லை. மார்கழி மாதம் காலையில் குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். பாட்டில் நிறைய எண்ணெய் இருக்கும், உள்ளங்கையில் ஒரு சொட்டு விழாது. எண்ணெயைக் குளிர் குடித்துவிட்டது என்று யாராவது சொல்கிறோமா? வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் இறங்கிவிடும். அல்கலைன் செல்லும் அப்படித்தான். உள்ளே இருப்பது தண்ணீரில் கரைந்த காரம். குளிரக் குளிர அதற்குள் மின்சாரத்தைச் சுமக்கும் அயனிகள் நகர்வது மந்தமாகும், உள்தடை (மின்சாரம் வெளியே வர செல்லே போடும் முட்டுக்கட்டை) ஏறும். சார்ஜ் இருக்கும், கேட்கும் வேகத்துக்குத் தர முடியாது. சொல்லப்போனால் குளிரில் சும்மா கிடக்கும் செல் தானாகச் சார்ஜ் இழப்பது குறைவு. நம் வீடுகளில் செல்லை ஃப்ரிட்ஜில் வைக்கிற தாத்தாக்கள் முழு முட்டாள்கள் இல்லை.

கேமரா சும்மா காத்திருக்கும்போது அதற்குத் துளி மின்சாரம் போதும். பகலில் படமெடுக்க இன்னும் கொஞ்சம். இரவில் அகச்சிவப்பு விளக்கை எரிக்கும் அந்த நொடியில்தான் மொத்தமாக ஒரு மடக்கு கேட்கும். குளிர்ந்த அல்கலைன் கைவிரிப்பது அங்கேதான். தம்பியின் மெமரி கார்டுகளைப் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் முதல் வாரத்திலேயே இரவுப் படங்கள் மங்கத் தொடங்கின. பிறகு வெறும் கறுப்பு. பிறகு இரவே இல்லை. பகல் படங்கள் மட்டும் மேலும் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியிருக்கின்றன. அத்தனையும் பாரல் என்கிற நீல ஆடுகள், ஒரு செந்நரி, ஒரு நாய். இரவைப் பார்க்காத இந்தப் படங்களை அப்படியே அட்டவணையாக்கினால் "டிசம்பர் மத்தியில் இந்தப் பள்ளத்தாக்கில் பனிச்சிறுத்தை நடமாட்டம் இல்லை" என்று வரும். அந்த வரி ஒரு ஆய்வேட்டுக்குள் போயிருந்தால்? கேமரா நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, நின்றது தெரியும். இப்படிப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது தெரியவே தெரியாது.

இனி கம்பளி விஷயம். தம்பி எனக்கு வாட்ஸாப்பில் ஒரு படமும் அனுப்பியிருந்தான். பதினொரு கேமராவுக்கும் பழைய சாக்ஸை வெட்டி உறை மாட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தான். "குளிர் தாங்கட்டும்னு." பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி, கம்பளி சூடு தராது. உன் உடம்பு சூடு தருகிறது, கம்பளி அதை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. கேமராவுக்கு உடம்புச்சூடு ஏது? காத்திருக்கும் நல்ல கேமரா எடுப்பது ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு. அதில் எறும்புக்குக்கூடக் குளிர்காய முடியாது. ஸ்வெட்டர் போட்ட கல் எப்படியோ, ஸ்வெட்டர் போட்ட கேமராவும் அப்படியே. வெளியே −25 டிகிரி என்றால் உறைக்குள்ளும் சில மணி நேரத்தில் −25. அதைவிட மோசம், பகல் வெயில் பட்டுக் கொஞ்சம் சூடேற வேண்டிய பெட்டியை அந்த உறை நிழலில் வைத்திருக்கும், உருகிய பனியைப் பஞ்சுபோல உறிஞ்சிவைத்து ராத்திரி கட்டியாக்கும். இன்னொரு குழு, கையைச் சூடாக்கும் பொட்டலங்களை உள்ளே ஒட்டியிருந்தது. அது எட்டு, பத்து மணி நேரம் சுடும். நீங்கள் கேமராவை வைப்பது மூன்று மாதத்துக்கு. கணக்கை நீங்களே போடுங்கள்.

வேறொரு பெட்டியில் வந்த கேமராக்களைக் கண்ணாடி முகப்புள்ள கூட்டுக்குள் வைத்திருந்தார்கள், பனி படாமல் இருக்க. மூன்று மாதத்தில் ஒரு விலங்கும் இல்லை. இருக்காது. சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டை. கண்ணாடி அதற்குச் சுவர். மெல்லிய பனிக்கட்டிப் படலமும் சுவர்தான்.

சரி, எந்த செல்?

உறைபனிக்குக் கீழே போகும் இடத்துக்கு, ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் 1.5 வோல்ட் லித்தியம் பென்டார்ச் (AA) செல். வேறு பேச்சே வேண்டாம். அதில் தண்ணீர் கிடையாது, −40 வரை வேலை செய்யும் என்று தயாரிப்பாளரே போட்டிருப்பார். அல்கலைனுக்கு அவர்கள் போடும் கீழ் எல்லை −18 தான், அந்த எல்லைக்குப் போகும் முன்பே அது பாதி முடங்கிவிடும். கேமரா அட்டையில் "−30 வரை இயங்கும்" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி என்னிடம் வாதாடாதீர்கள். அது கேமராவின் எல்லை, உங்கள் செல்லின் எல்லையைப் பற்றி அந்த அட்டைக்கு ஒன்றும் தெரியாது.

லித்தியம் விலை அதிகம், தெரியும். அதனால்தான் போலியும் வருகிறது. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். லித்தியம் சுமார் 15 கிராம், அல்கலைன் சுமார் 23. சமையலறைத் தராசு போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: கேமரா காட்டும் பேட்டரி அளவை லித்தியத்தில் நம்பாதீர்கள். கடைசிவரை முழுசாகக் காட்டிவிட்டுத் திடீரென்று விழும். போட்ட தேதியை டேப்பில் எழுதி உள்ளே ஒட்டுங்கள்.

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட்தானே என்று இளக்காரமாகப் பார்க்கிறார்கள். லேசான குளிரில் அது அல்கலைனைவிட மேல், உள்தடை குறைவு. சில கேமராக்கள் மட்டும் 1.2 வோல்ட்டைப் பார்த்துப் பாதி தீர்ந்துவிட்டதாக முதல் நாளே அழும். பவர் பேங்க் சொருகுகிறவர்களுக்கு: கேமரா எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருப்பதால், ஒன்றும் சொருகவில்லை என்று நினைத்து அது தானாக அணைந்துவிடும். சோலார் பலகை குளிர்காலத்தில் பனி மூடிய பலகைதான். சரிவாக நிறுத்தினாலும், உள்ளே உள்ள லித்தியம்-அயான் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும்.

இங்கேதான் பத்தாவது கேமரா வருகிறது. நான் போனில் "லித்தியம் போடு" என்று சொன்னதை நம்பித் தம்பி ஒரே ஒரு கேமராவில் பரிசோதனை செய்திருக்கிறான். வாங்கியது 3.7 வோல்ட் லித்தியம்-அயான் செல். அளவு அச்சாக அதே பென்டார்ச் அளவு, பெயரிலும் லித்தியம், ரீசார்ஜும் ஆகும், விலையும் குறைவு. நான்கு செல்லுக்கு 6 வோல்ட் எதிர்பார்க்கும் பெட்டிக்குள் 14.8 வோல்ட். முழு சார்ஜில் இருந்தால் 16.8. கருகிய வாசனை இன்னும் போகவில்லை. அது என் தவறும்தான், முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் மறுபடியும் சொல்கிறேன்: உறையில் 1.5 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 3.7 என்று இருந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

பதினொன்றாவது கேமராவைக் கொன்றது குளிரே இல்லை, சூடு. கார்டை எடுக்க மலையிலிருந்து இறக்கி, நேராக அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்பிதி வீடுகளில் குளிர்காலம் முழுக்க நடுக்கூடத்தில் தந்தூர் அடுப்பு எரியும், மேலே தேநீர் கொதித்துக்கொண்டே இருக்கும். −20ல் இருந்த கேமராவை அந்த ஆவிக்குள் திறந்தால் என்ன ஆகும்? ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது போல் உள்ளே வியர்க்கும், சர்க்யூட் பலகை முழுக்க. மறுநாள் அதையே திரும்ப மலையில் வைத்தால் அந்த ஈரம் உறையும். திறந்து பார்த்தேன், செம்புத் தடங்களில் பச்சை பூத்திருக்கிறது. வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, பிறகு உள்ளே எடுத்துப் போங்கள். கவருக்கு வெளியேதான் வியர்க்கும். சில மணி நேரம் பொறுங்கள். படம் பார்க்கும் ஆவல் எனக்கும் உண்டு. அவசரமென்றால் வெளியில் நின்றே கார்டை மட்டும் மாற்றுங்கள்.

வைக்கும் விதத்தில் சொல்ல அதிகம் இல்லை, செய்யாதவர்களே அதிகம் என்பதால் சொல்கிறேன். இன்றைக்குத் தரை எங்கே என்று பார்க்காதீர்கள், பிப்ரவரியில் பனி எவ்வளவு ஏறும் என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள். முகப்பை வடக்கே திருப்புங்கள், தாழ்ந்த சூரியன் நேராக அடிக்காது. பனித்தரையில் விளக்கொளி எகிறிப் படம் வெளுக்கும், ஃப்ளாஷைக் குறையுங்கள். லென்ஸை வாயால் ஊதித் துடைக்காதீர்கள், அங்கேயே பனிப்படலமாகும். கொக்கியை வெடுக்கென்று இழுக்காதீர்கள், குளிர்ந்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும். திரை மந்தமாக எழுவதைப் பார்த்துவிட்டுப் பழுது என்று தட்டாதீர்கள். வைக்கும்போதும் எடுக்கும்போதும், நேரம் தெரியும் உங்கள் போனை அதன் முன்னால் காட்டி ஒரு படம் எடுக்கவிடுங்கள். செல் மடங்கினால் பல கேமராக்களில் கடிகாரம் பழைய ஜனவரி 1க்குப் போய்விடும். இந்த ஒரு படம் இருந்தால் தேதிகளை மீட்டுவிடலாம்.

வாங்கப் போகிறவர்கள் மெகாபிக்சலைக் கேட்பதை விடுங்கள். "30 மெகாபிக்சல்" என்று விற்பதில் பாதி, சிறிய சென்சாரின் படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கியது. விலங்கு வந்த எத்தனை நொடியில் படமெடுக்கிறது, 1.5 வோல்ட் செல் எத்தனை ஏற்கிறது, கதவின் ரப்பர் வளையம் எப்படி இருக்கிறது, இவற்றைப் பாருங்கள். சிம் கார்டு போடும் கேமராவை டவர் எட்டாத பள்ளத்தாக்குக்கு வாங்காதீர்கள். சிக்னலைத் தேடித் தேடியே செல்லைத் தீர்க்கும்.

நீலகிரி நண்பர்கள் இதைப் படித்துவிட்டு லித்தியம் வாங்க ஓட வேண்டாம். ஊட்டியில் புல்வெளி வெளுக்கிற உறைபனி விடியற்காலை சில மணி நேரம்தான். நல்ல நிக்கல் செல் போதும். உங்கள் எதிரி பனிமூட்டத்தின் ஈரம், சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இவ்வளவு கடுமையாக எழுதக் காரணம் கேமரா விலை இல்லை. பனிச்சிறுத்தை இணைசேரும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பாறைகளில் அது மணம் தெளித்து அடையாளமிடுவது அப்போது அதிகம், அதனால் அப்போது கேமரா ஓட வேண்டும் என்று நாம் எல்லோரும் ஆசைப்படுகிறோம். 2024 ஜனவரியில் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் என்று சொன்னதே, அதற்காக 1,971 இடங்களில் கேமரா வைத்தார்கள். அவற்றை முதுகில் சுமந்து ஏற்றியவர்களில் பலர் அந்தந்த மலையூர்க்காரர்கள். அதற்கு முன் ஹிமாச்சலில் பத்து இடங்களில் நடந்த கணக்கெடுப்பில் கேமரா வேலைக்கு முன்னின்றவர்களே 4,200 மீட்டர் உயரத்துக் கிப்பர் கிராமத்து இளைஞர்கள் எட்டுப் பேர்தான்.

தம்பியின் படங்களில் ஒன்றில், இடுப்பளவுப் பனியில் ஒருவர் கேமராவுக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். ஜனவரி நடுவில் செல் மாற்ற ஏறிப் போனவர். போக வர ஏழு மணி நேரமாம். அவருக்கு மேலே தெரியும் சரிவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. புதுப்பனி ஏறி, விளிம்பு சரியத் தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நவம்பரில் லித்தியம் போட்டிருந்தால் அவர் அன்றைக்கு வீட்டில் அடுப்படியில் இருந்திருப்பார். கெஞ்சிக் கேட்கிறேன், நடுக்குளிரில் செல் மாற்ற யாரையும் அனுப்பாதீர்கள். நின்ற கேமரா நின்றபடி இருக்கட்டும், பனி இறங்கியதும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பது கேமராவையும் துடைத்து, ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் பூசி வைத்திருக்கிறேன். தம்பி இவற்றை வாங்கிப்போக வரும்போது அந்த "செத்த" செல்களையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். ஹாஸ்டல் டிவி ரிமோட்டுக்கு ஒரு வருடம் தாராளமாக வரும்.