கிராம சபைக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பயிற்சி தருவது என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு குறை தவறாமல் காதில் விழும்: "கிராம சபையில எத்தனையோ தடவ சொல்லியாச்சு சார், ஒண்ணும் நடக்கல." அவர்கள் சொன்னதும் உண்மை, நடக்காததும் உண்மை. பல ஊர்களில் கோரிக்கையில் தவறே இருக்காது. சொன்ன நாளும், கேட்ட நிதித் தலைப்பும், அதாவது எந்த வேலைக்கென ஒதுக்கிய பணத்தில் கேட்டோம் என்பதும்தான் பொருந்தாமல் போயிருக்கும். இந்த இரண்டையும் ஊர் மக்கள் தெரிந்துகொண்டால் பாதிக் கோரிக்கைகள் நிறைவேறிவிடும் என்பது என் அனுபவம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எல்லா நாளும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை நாடு முழுக்க அக்டோபர் 2 தொடங்கி நடக்கிறது. கிராம சபை ஒப்புதல் தந்த திட்டம் இ-கிராம ஸ்வராஜ் என்ற அரசு இணையதளத்தில் ஏற்றப்படும். மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு வேலையை எடுக்க வேண்டுமானால் அது அந்தத் திட்டத்தில் இருந்தாக வேண்டும். மே 1 அன்று எழுந்து நின்று எவ்வளவு உரக்கக் கேட்டாலும், அந்த வருடத்துப் பட்டியல் ஏற்கெனவே முடிந்திருக்கும். "பார்க்கலாம்மா" என்று பதில் வருவது இதனால்தான். ஆகவே உங்கள் தெருவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே பேசத் தொடங்குங்கள்.

அடுத்தது பணம். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், எஸ்.எஃப்.சி. எனப்படும் மாநில நிதி ஆணைய மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று ஊராட்சிக்குப் பல வழிகளில் பணம் வருகிறது. இதில் மத்திய மானியத்தின் கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு வகுத்த முறை இது: நூறு ரூபாய் வந்தால் 30 ரூபாய் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, இன்னொரு 30 ரூபாய் துப்புரவுக்கும், திறந்தவெளியில் மலம் கழிக்காத ஊர் என்ற நிலையைக் காப்பதற்கும். மீதி 40 ரூபாயை ஊர் தன் தேவைக்கேற்ப எதற்கும் செலவிடலாம். சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் கூடாது. முதல் இரண்டையும் அலுவலகத்தில் டைட் ஃபண்ட் என்பார்கள், மூன்றாவதை அன்டைட் ஃபண்ட் என்பார்கள். நிதிக்குழுவுக்கு நிதிக்குழு இந்த விகிதம் மாறும். ஆனால் "இந்த வருடம் நம் ஊருக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு?" என்ற கேள்வியை எந்த வருடமும் கேட்கலாம். ஊராட்சிச் செயலாளரிடம் கணக்கு இருக்கும்.

இது தெரியாததால் நடப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். பத்துத் தெருவும் சிமெண்ட் ரோடு கேட்கும். அதற்கான தலைப்பில் பணம் ஒரு தெருவுக்குத்தான் தேறும். மற்ற ஒன்பது தெருவும் "ஃபண்ட் இல்லை" என்ற பதிலோடு வீடு திரும்பும். அதே நேரத்தில் குடிநீர்த் தலைப்பில் பணம் கேட்பாரின்றிக் கிடக்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு குக்கிராமம். அக்டோபர் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, மாலை நேரத்தில், ஒரு தெருவை மட்டும் உட்கார வைத்தோம். மகளிர் குழுப் பெண்கள் கோலமாவால் தரையில் ஊர்ப்படம் போட்டார்கள். மேல்நிலைத் தொட்டி, பைப் லைன், பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாம் வந்தது. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, எது முதலில் வேண்டுமோ அங்கே வைக்கச் சொன்னோம். ஆண்கள் வைத்ததில் பெரும்பாலான கொட்டைகள் சுடுகாட்டுப் பாதையில் விழுந்தன. பெண்கள் வைத்தவை தெருக்கோடியில் இருந்த குழாயடியில் குவிந்தன. தொட்டியில் தண்ணீர் விட்டால் மேட்டுத் தெருக்கள் பிடித்து முடித்த பிறகுதான் அந்தக் குழாயில் சொட்டும்.

ஒரு இளைஞர் கேட்டார்: "அது சரி சித்தி, மழ காலத்துல பொணத்த எப்படித் தூக்கிட்டுப் போறது? முழங்கால் சேறு."

சித்தி விடவில்லை. "வருசத்துல நாலு நாளு நீங்க தூக்குறீங்க. தெனமும் நாங்க கொடம் தூக்குறோம்."

இரண்டுமே நியாயம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆபரேட்டர்தான் ஒரு விஷயத்தைச் சொன்னார்: லைன் பிரியும் இடத்தில் ஒரு கேட் வால்வு போட்டுவிட்டால் மேட்டுத் தெருவுக்கு ஒரு நேரம், பள்ளத் தெருவுக்கு ஒரு நேரம் என்று முறை வைத்து விடலாம், புது போர்வெல் போட வேண்டியதில்லை. ஊரில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஆனால் எந்தக் கூட்டத்திலும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டதில்லையாம். வால்வைக் குடிநீர்த் தலைப்பில் கேட்பது, சுடுகாட்டுப் பாதையை அன்டைட் ஃபண்டில் கேட்பது என்று முடிவாயிற்று. இரண்டும் ஒன்றோடொன்று மோதாத கோரிக்கைகள் என்பது, பணம் எந்தெந்தத் தலைப்பில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது.

இந்த மாதிரி பேச்சைக் கிராம சபை நாளில் எதிர்பார்க்க முடியாது. 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. அத்தனை பேர் நடுவில், ஒலிபெருக்கி முன்னால், மூன்று நான்கு குரல்கள்தான் எழும். பள்ளத் தெருப் பெண் எழுந்து வால்வைப் பற்றி விளக்க மாட்டார். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அங்கே கிராம சபை ஒவ்வொரு வார்டுக்கும் தனியாக நடக்கிறது என்பது. நமக்கு ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை. அதனால் தெருக்கூட்டத்தை நாமே நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. பெண்களைத் தனியாகவும் ஒருமுறை உட்கார வைத்துக் கேளுங்கள். கொட்டைகள் வேறு இடத்தில் விழும்.

தெருக்கூட்டத்தில் முடிவானதைக் காகிதத்தில் எழுதும்போது கொஞ்சம் மெனக்கெடுங்கள். "சாலை வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அது எந்தச் சாலை என்றே தெரியாது. எங்கிருந்து எங்கு வரை, ஏறத்தாழ எத்தனை மீட்டர், எத்தனை வீடு பயன்படும், எந்தத் தலைப்பில் கேட்கிறோம் என்று எழுதுங்கள். ஊராட்சிச் செயலாளரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் கூட்டத்துக்கு முன்பே ஓவர்சீயரை வந்து பார்க்கச் சொல்லி, உத்தேச எஸ்டிமேட் கேட்டுவிடுங்கள். தொகை தெரியாமல் எது முதலில் என்று ஊரால் தீர்மானிக்க முடியாது.

மகளிர் குழுவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வறுமை குறைப்புத் திட்டம் என்று குழுக்கள் சேர்ந்து தயாரித்து, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வழியாகக் கிராம சபையில் வைக்கலாம். பல ஊர்களில் அதை ஒரு சடங்காகப் படிவம் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் ஓய்வூதியம் கிடைக்காத பாட்டியின் பெயரும் வேலை அட்டை இல்லாத குடும்பத்தின் பெயரும் பதிவாகிற இடம் அது.

இனி, எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது தீர்மானப் புத்தகம். கூட்டம் தொடங்கும்போதே வருகைக் கையெழுத்துக்காக நோட்டு சுற்றி வரும். அதைப் போட்டுவிட்டு ஏரி வேலைக்கோ வீட்டுக்கோ கிளம்பிவிடுகிறோம். தீர்மானங்கள் சில நேரம் அப்புறம்தான் எழுதப்படுகின்றன. நான் பார்த்த ஒரு கூட்டத்தில், முடிவில் ஒரு பெரியம்மா செயலாளரிடம் போய், "தம்பி, எழுதுனத ஒரு தடவ படிச்சுக் காட்டுப்பா" என்றார். அவர் எரிச்சல்படாமல் படித்தார். பெரியம்மாவின் தெருவுக்கு ஒப்புக்கொண்ட குப்பைத் தொட்டிகள் பட்டியலில் இல்லை. விட்டுப்போயிருந்தது. அங்கேயே சேர்த்து எழுதினார். படிப்பறிவு இல்லாத ஒருவர் அரை நிமிடத்தில் செய்த வேலை அது. யார் கூட்டம் நடத்தினாலும் இதைக் கேட்கலாம். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. வார்டு மெம்பரிடம் சொல்லிவைக்கிற வழி இல்லாத காலத்தில், தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வரிதான் ஊரின் பிடிமானம்.

தீர்மான நகல் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். கூட்டம் எந்த இடத்தில் என்பதையும் கவனியுங்கள். குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும். மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது. ஒரே இடத்தில் வருடக்கணக்காக நடந்தால், அந்த இடத்துக்கு வரத் தயங்குகிற தெரு எது என்று பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் கடைசியாக வருகிற தெருவும் அதுவாகத்தான் இருக்கும்.

நகரத்தில் இருப்பவர்கள் "எங்களுக்கு இதெல்லாம் ஏது?" என்று கேட்பதுண்டு. 2022இல் வந்த விதிகளின்படி பேரூராட்சி முதல் மாநகராட்சி வரை வார்டு குழுவும் பகுதி சபாவும் உண்டு. உங்கள் கவுன்சிலரிடம் அடுத்த பகுதி சபா எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஊரில் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு, படிவம் 30 என்ற பெயரில் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். இ-கிராம ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊரின் திட்டத்தை ஊரில் படிக்கிற பிள்ளைகளிடம் கைபேசியில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திட்டத்தில் இருந்து கணக்கில் வராத வேலை எது, திட்டத்தில் இல்லாமல் கணக்கில் வந்த வேலை எது என்று குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். அங்கே கிடைக்கும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.