வாய்க்கால் எண் வயலில் விழுந்தால்: வரைபடத்தில் பெயரை எங்கே வைப்பது?

கிராம வரைபடத்தைக் கணினித் திரையில் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் வயலுக்குள்ள வாய்க்கால் புறம்போக்கு நம்பர் போட்டிருக்கே, என்ன சார் இது?" பெரும்பாலும் எல்லைக் கோடுகள் சரியாகவே இருக்கும். வாய்க்கால் வளைந்து போகிறது. அதன் புல எண்ணை எழுத மென்பொருள் பிடித்த புள்ளி, வளைவின் உள்பக்கம் அடுத்தவர் பட்டா நிலத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நிலத்தை வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினால், விற்பவருக்கு அது "அவ்வளவுதான்" இல்லை. வரைபடம் தயாரிக்கும் எங்களைப் போன்றவர்கள் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்குவது சரியில்லை என்பது என் கருத்து.

அந்தப் புள்ளிக்குப் பெயர் சென்ட்ராய்டு. நிலத்தின் வடிவத்தை அட்டையில் வெட்டி ஊசி முனையில் நிறுத்தினால் எங்கே சமநிலையில் நிற்குமோ, அந்த இடம். மூலைகளை ஒருமுறை சுற்றி வந்தாலே கணக்கு முடிந்துவிடும் என்பதால் மென்பொருள்கள் பலவும் முதலில் இதைத்தான் எடுக்கின்றன. சதுரம், செவ்வகம் என்றால் தொல்லையில்லை. 'ட' வடிவ மனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் கை 50 மீட்டர், படுக்கும் கையும் 50 மீட்டர், அகலம் 10 மீட்டர். மூலையிலிருந்து கணக்கிட்டால் சென்ட்ராய்டு கிழக்கே 16.1 மீட்டர், வடக்கே 16.1 மீட்டர். மனையின் அகலமே 10 மீட்டர்தான். ஆக, புள்ளி பக்கத்து மனையில் ஆறு மீட்டர் உள்ளே நிற்கிறது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. கேட்ட கேள்விதான் வேறு.

நாடுகளுக்கும் இதே கதைதான். வியட்நாமின் சென்ட்ராய்டு லாவோஸுக்குள் விழுகிறது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாவதற்கு முன்பு நாகப்பட்டினம் மாவட்டம் இரண்டு துண்டாக இருந்தது, இடையில் காரைக்காலும் திருவாரூரும். இரண்டையும் சேர்த்து ஒரே சென்ட்ராய்டு எடுத்தால் அது நாகை மாவட்டத்துக்குள் விழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. புதுச்சேரிக்கு இன்னும் மோசம்: மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில்.

சரி, உள்ளே விழுந்தால் போதுமா? போஸ்ட்ஜிஐஎஸ் மென்பொருளில் 'பாயிண்ட் ஆன் சர்ஃபேஸ்' என்ற கட்டளை அதைச் செய்கிறது. வடிவத்தின் நடு உயரத்தை ஒட்டி ஒரு கிடைக்கோடு போட்டு, அந்தக் கோடு உள்ளே ஓடும் நீளமான துண்டின் மத்தியை எடுத்துக்கொள்ளும். புள்ளி உள்ளே இருக்கும், ஆனால் மேலே கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. எழுத்து எல்லைக்கோட்டின் மேல் ஏறி நிற்கும்.

நமக்கு வேண்டியது எல்லையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மிகத் தள்ளி இருக்கும் புள்ளி. அதாவது உள்ளே வரையக்கூடிய மிகப் பெரிய வட்டத்தின் மையம். 'போல் ஆஃப் இனாக்சஸிபிலிட்டி' என்பார்கள். (தென் பசிபிக்கில் எந்தக் கரைக்கும் சுமார் 2,688 கி.மீ. தொலைவில் இருக்கும் 'பாயிண்ட் நீமோ' இந்த வகைதான், கடலுக்கு.) இதை வேகமாகக் கண்டுபிடிக்க 2016-இல் மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த விளாதிமிர் அகாஃபோன்கின் 'பாலிலேபல்' என்ற சிறிய நிரலை வெளியிட்டார். இணையப் பக்கங்களில் வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் நிரல்தொகுப்பை உருவாக்கியவரும் அவரே.

வழிமுறை எளிது. வடிவத்தின் மேல் சதுரக் கட்டங்களைப் பரப்பு. ஒவ்வொரு கட்டத்தின் மையமும் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார், வெளியே இருந்தால் கழித்தல் குறி போடு. அந்தத் தூரத்தோடு கட்டத்தின் அரை மூலைவிட்டத்தைக் கூட்டினால், அந்தக் கட்டத்துக்குள் எங்கே தேடினாலும் கிடைக்கக்கூடிய உச்ச அளவு தெரிந்துவிடும். கட்டத்தின் பக்கம் 10 கி.மீ. என்றால் அரை மூலைவிட்டம் 7.07. மையம் எல்லையிலிருந்து 3 கி.மீ. உள்ளே இருந்தால் உச்சம் 10.07. வேறெங்கோ ஏற்கெனவே 12 கி.மீ. கிடைத்திருந்தால், இந்தக் கட்டத்தைத் தூக்கிப் போடலாம். உள்ளே தேடவே வேண்டாம். நம்பிக்கை உள்ள கட்டத்தை மட்டும் நான்காக வெட்டி மறுபடி பார்க்க வேண்டியது. பெரும்பாலான கட்டங்கள் தொடக்கத்திலேயே கழிந்துவிடும்.

இதில் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு துல்லியம் போதும் என்பதற்கு பாலிலேபலில் இயல்பாக இருக்கும் எண் 1. பைத்தான் நிரல்மொழியில் வடிவக் கணக்குகளுக்குப் பயன்படும் ஷேப்லி என்ற நிரல்தொகுப்பிலும் அப்படியே. தரவு மீட்டரில் இருந்தால் 1 மீட்டர், நல்லது. அட்சரேகை தீர்க்கரேகையாக அப்படியே ஊட்டினால் 1 டிகிரி, அதாவது சுமார் 110 கி.மீ.! ஒரு மாவட்டமே அதற்குள் அடங்கிவிடும். நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. முதல் சுற்றிலேயே நிறுத்திக்கொண்டு ஏதோ ஒரு புள்ளியைத் தரும். பார்ப்பவர் "பாலிலேபல் சரியில்லை" என்று முடிவுகட்டுவார். முதலில் தரவை யூடிஎம்முக்கு, அதாவது உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் சொல்லும் முறைக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு 43, 44 என்று இரண்டு மண்டலங்களில் கிடக்கிறது, கோவை 43, சென்னை 44. அப்புறம், துண்டு துண்டான வடிவமாக இருந்தால் பெரிய துண்டைப் பிரித்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அதை பாலிலேபல் தானாகச் செய்யாது.

இன்னொரு குறை: பெயர் வட்டமாக இருப்பதில்லை. 'திருவண்ணாமலை' என்று எழுதினால் நீளம்தான் அதிகம். நம் 'ட' மனைக்கு வட்டக் கணக்கு தரும் புள்ளி மூலையிலேயே, இரு பக்கமும் 5.86 மீட்டரில். எண் உள்ளே இருக்கும், ஆனால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். எழுத்தின் நீளம் உயரத்தைப் போல நான்கு மடங்கு என்றால், கிழக்கு மேற்கு அளவுகளை நான்கால் வகுத்துக் கணக்கிட்டு, விடையை நான்கால் பெருக்குங்கள். வட்டம் படுத்த நீள்வட்டமாகிவிடும், எண் படுக்கும் கையின் நடுப்பக்கம் 20 முதல் 30 மீட்டருக்குள் வந்து உட்காரும். வளைந்து ஓடும் வாய்க்காலுக்கு இதுவும் உதவாது. அங்கே பெயரைக் கோட்டின் போக்கிலேயே எழுத வேண்டும்.

பெயருக்காக எடுத்த புள்ளியை முகவரியாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் இருக்கும் ஐபி எண்ணுக்கு இடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், நாடு மட்டும் தெரிந்த எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்பக்கம் என்று 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு என்ற முழு எண்களைத் தந்தது. கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீடு அந்த இடத்தில் இருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி எண்கள் அங்கே போய் நின்றன. மோசடி, திருட்டு என்று தேடி வந்த போலீஸாரும் பொதுமக்களும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016-இல் விஷயம் வெளியே வந்த பிறகு நிறுவனம் புள்ளியை ஒரு நீர்நிலைக்கு நகர்த்தியது.

ஆகவே பொதுமக்களுக்கு: எண் எங்கே எழுதியிருக்கிறது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். எல்லைக் கோட்டையும் புலப்படத்தில் உள்ள அளவுகளையும் பாருங்கள். தரவு தயாரிப்பவர்களுக்கு: தரவு அட்டவணையில் இந்தப் புள்ளி வரும் பத்திக்கு (நெடுவரிசைக்கு) 'இடம்' என்று பெயர் வைக்காமல் 'பெயர்ப்புள்ளி' என்று வையுங்கள். கூடவே அங்கிருந்து எல்லைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் ஒரு பத்தியில் கொடுங்கள். எழுத்தைச் சிறிதாக்குவதா, கோடு இழுத்து வெளியே எழுதுவதா என்று படம் வரைபவர் முடிவெடுக்க அந்த ஓர் எண் போதும்.